காட்டாடு போன வழி

சப்பாத்தை இன்னும் கழுவவில்லை. அடுப்படிக்குப் பின்னால் வெயில் விழும் இடத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நம் அம்மாக்கள் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும்போது போட்டுப் போனார்களே, அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து. சூடு ஏறியதும் ரப்பர் வாடையும் சேற்று வாடையும் சேர்ந்து கிளம்புகின்றன. என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துகிறாள். கத்தட்டும். அதன் அடியில் ஒட்டியிருப்பது நீ கால் வைக்காத இடத்து மண்.

உன் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதக் கை வரவில்லை. மலைக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதுவோ கேட்டு வைத்துக்கொண்டு அப்புறம் அதுவும் கூப்பிடும் என்று தோட்டத்தில் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, இதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனாலும் மலையில் நாம் 'ஊ' என்று குரல் கொடுத்துத்தான் ஒருவரை ஒருவர் தேடினோம்.

இனிப்பு நீர் இருக்கிறது, நட என்று டாக்டர் சொன்னது எனக்கு. துணைக்கு வந்தது நீ. குனோங் ராபாட்டில் வீட்டைச் சுற்றி நடக்க உனக்குச் சலிப்பு. "நாய்தான்லா இப்படிச் சுத்தும். வாடி, மலைக்குப் போலாம்" என்று கோப்பெங் பக்கம் இழுத்துப் போனாய். நாம் பிறந்த தோட்டம் ரப்பர் மரமெல்லாம் போய்ச் செம்பனையாகியிருந்தது. பின்னால் நின்ற சுண்ணாம்பு மலை மட்டும் அப்படியே இருந்தது.

மலை முதுகில் ஏறிவிட்டால் இரண்டு பக்கமும் பள்ளம். பாறை தேங்காய்த் துருவி மாதிரி உள்ளங்கையைக் கிழிக்கும். எந்தக் கல் தாங்கும், எந்த வேர் கையோடு வந்துவிடும் என்று தட்டிப் பார்த்து, பல இடங்களில் தவழ்ந்துதான் போனோம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் முதுகு உடைந்து ஒரு வெட்டு. அதைத் தாண்டினால் மொட்டைப் பாறை, சுவர் மாதிரி. ஒவ்வொரு முறையும் அங்கே உட்கார்ந்து, கடையில் தாப்பாவ் பண்ணிக் கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்புவோம்.

"ஆட்டுப் புழுக்கை கெடக்கு பாருடி" என்பாய். "காட்டாடு இதுவரைக்கும் வந்துச்சுல்ல? அப்புறம் என்ன, பறந்தா போச்சு?" உன் கை இடது பக்கம், கீழே இருந்த தாழம்புதரைக் காட்டும்.

"எறங்கினா திரும்ப ஏறணும்லா. நேராத்தான் போகணும்" என்பேன் நான். முதுகை விட்டு இறங்குவது எனக்குத் தோற்றுப்போவதாகத் தோன்றியது. அந்த மொட்டைப் பாறையில் ஏறிச் சறுக்கி, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, உன்னைத்தான் திட்டுவேன். நீ சிரித்துக்கொண்டே தைலம் தடவிவிடுவாய்.

அப்புறம் உனக்கு வந்தது. என் நோயெல்லாம் என்னோடு அப்படியே இருக்க, ஒரு மாத்திரைகூடப் போட்டறியாத உனக்குக் கல்லீரலில் புற்று வந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆட்டு வழிய ஒரு தடவ போய்ப் பாருடி. இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போதும்" என்றாய். சரி என்றேன். மழை என்றும் வேலை என்றும் நாளைத் தள்ளினேன். அடுத்த முறை வந்தபோது நான் உட்காரக்கூட இல்லை, நீ கேட்டுவிட்டாய்.

"பார்த்தேன்டி. ஒண்ணுமில்ல. பொதருக்கு அந்தப் பக்கம் ஒரே பள்ளம்."

கிடைக்காததை நினைத்து நீ ஏங்க வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். நான் சொன்னதே சரியாக இருக்கட்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. படுத்துக் கிடந்தவளிடம் போய் ஜெயித்தேன், என்ன ஜென்மம் நான்.

தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "அப்படியா. அப்போ நான்தான் தப்பா நெனச்சுட்டேன் போல" என்றாய். அந்த வாரமே போய்விட்டாய்.

போன சனிக்கிழமை உன் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனுஷர், மேட்டில் நடந்து பழக்கமே இல்லை. "அவ அங்க என்னதான் பார்த்தான்னு நானும் பார்க்கணும் தங்கச்சி. கூட்டிட்டுப் போ" என்றார். மூச்சு வாங்க வெட்டுவரை வந்து சேர்ந்தார்.

"இவ்வளவுதான்ணே. இதுக்கு மேல வழி இல்ல" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, ஒதுங்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் புதர்ப் பக்கம் இறங்கினார்.

சற்று நேரத்தில் கீழிருந்து 'ஊ' என்று குரல் வந்தது. நீதான் சொல்லிக் கொடுத்திருப்பாய்.

"தங்கச்சி, இங்க வழி போகுது! ஆட்டுப் புழுக்கையா கெடக்கு!"

இறங்கினேன். தாழைக்கு அடியில் குனிந்து நுழைந்தால், ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குப் பாறை விளிம்பு. அது மொட்டைப் பாறையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறியது. பிடித்துக்கொள்ள நல்ல வேர்கள்கூட இருந்தன. அவர் நின்று திரும்பினார்.

"நீ வந்து பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னதா அவ சொன்னாளே" என்றார். நான் அடுத்த வேரைப் பிடித்தேன்.

உச்சிக்குப் போய்விட்டோம். ஈப்போ முழுக்கத் தெரிந்தது. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது. அந்தக் கல்லில் உட்கார வேண்டியவள் நீ. நான் 'ஊ' என்று குரல் கொடுத்தேன். பதில் வராது என்று தெரியும். அப்புறம் உன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டேன். எது வேண்டுமானாலும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

"வழி இருக்குடி! நீ சொன்னதுதான் சரி! நான் போகவே இல்லடி, பொய் சொன்னேன்!" தொண்டை கட்டும்வரை கத்தினேன். உனக்குக் கேட்டதோ என்னவோ, உன் வீட்டுக்காரருக்குக் கேட்டது.

இறங்கும்போது அவர் முன்னால் போனார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று 'ஊ' என்று குரல் கொடுத்தார். நான் பதில் கொடுத்த பிறகுதான் அடுத்த அடி வைத்தார். காரிலும் பேசவில்லை. இதுவரை போனில் கூப்பிடவும் இல்லை. கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது.

அடுப்படியில் நிற்கும்போதெல்லாம், "அப்போ நான்தான் தப்பா நெனச்சுட்டேன் போல" என்று நீ சொன்னது காதில் விழுகிறது. "இல்லடி, இல்லடி" என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன். மகள் எட்டிப் பார்த்து, "யாருகிட்டம்மா பேசுற?" என்று கேட்கிறாள்.

உன் பெயரைச் சொல்கிறேன்.