நளீர் நானாவின் பிரஷர்

பெப்ரவரி 12, திங்கள்

கிளினிக். ஆறு நிமிட நடை. நான் 290 மீற்றர். மடவளை நளீர் நானா 410. சாறன் துணிக்கடைக்காரர், வயசு அறுபத்தெட்டு. எனக்கு ஐம்பத்தாறு. இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம், நுரையீரலுக்குப் போகிற ரத்தக் குழாயில் பிரஷர். அவர் நடந்து முடித்து நர்ஸ்மாரைச் சிரிக்க வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்குகிறேன். பஸ்ஸிலும் புஷ்பத்துக்கு அவர் பேச்சுத்தான். "அந்த நானாவப் பாருங்க, என்னா கலகலப்பு." என் பெண்டாட்டி!

பெப்ரவரி 15

ஹேவாஹெட்ட தோட்ட லயத்திலிருந்து வந்து, மூட்டை தூக்கி, மிளகுக் கடை போட்டவன் நான். இன்றைக்குக் கடை மாடிக்குப் பதினாலு படி. நடுவில் இரண்டு தரம் நின்றேன்.

மே மாதம் மடுல்கெல்லப் பக்கம் மலை ஏறி மிளகு வாங்க வேண்டும். போகலாமா என்பதை ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துத்தான் சொல்வாராம் டொக்டர் தர்ஷனா.

மார்ச் 5, செவ்வாய்

டெஸ்ட் முடிந்தது. கழுத்து நரம்பு வழியாக மெல்லிய குழாய், இதயத்தின் வலப்பக்கத்தைத் தாண்டி நுரையீரல் குழாய் வரைக்கும். அதோடு படுத்தபடியே பெடல் மிதிக்க வேண்டும்.

பிரஷர் கணக்கை நர்ஸைக் கேட்டு வாங்கினேன். சும்மா இருக்கையில் 46, மிதிக்கையில் 50. நாலுதான் ஏறியது. பக்கத்துக் கட்டில் நளீர் நானாவுக்கு 44 போய் 69. மிளகில் ஈரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல சரக்கு. நாலு எங்கே, இருபத்தைந்து எங்கே!

வாயை அடக்க முடியவில்லை, அவரிடமே சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போயிற்று. "ஒங்கட நெஞ்சு நல்ல நெஞ்சு மொதலாளி" என்றார்.

வார்ட்டுச் சோறுகூட ருசித்தது.

மார்ச் 6

டொக்டர் வந்ததும் நானே ஆரம்பித்தேன், நாலுதானே ஏறியது என்று. அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

நல்ல குழாய் என்றால் உடம்பு வேலை செய்கையில் விரிந்து கொடுக்குமாம். எங்கள் இருவருக்கும் அது இறுகிக் கிடக்கிறது. மிதிக்கிற கால்கள் ரத்தம் கேட்கும்போது அந்த இறுக்கத்துக்கு எதிராக இதயம் தள்ள வேண்டும். தள்ளப் பலம் இருந்தால் பிரஷர் ஏறும்.

"உங்க இதயம் தள்ளவே இல்லய்யா. அதனாலதான் ஏறல்ல."

ரத்த ஓட்டமும் கூடவில்லையாம், பின்னால் தேங்குகிறதாம். மலை வேண்டாம். இன்னொரு மருந்து சேர்த்திருக்கிறார்.

அப்ப அந்த 69? கிழவன்ட நெஞ்சு இன்னும் சண்டை போடுது. எனக்கு மட்டும் ஏன் வரல்ல? பிரஷருக்குக்கூட ஒருத்தன் பொறாமைப்படுவானா? படுறேனே.

நளீர் நானாவுக்கு யாரும் விளக்கவில்லை, அதே மருந்தைப் போடச் சொன்னதோடு சரி. எனக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டார். நல்லம் என்றார்கள் என்றேன். உண்மையைச் சொன்னால் அவருக்குச் சந்தோஷம். அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 9

பதினாலு படி. ஒரு தரம்தான் நின்றேன்.

மே 20

எனக்குப் பதிலாக மகள் நிஷாந்தினி மடுல்கெல்ல போய் வந்தாள். நல்ல சரக்குத்தான் வாங்கியிருக்கிறாள். அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

மறுபடியும் அதே டெஸ்ட். 45 போய் 58. மருந்து பிடிக்கிறது, இதயம் தள்ளத் தொடங்கிவிட்டது என்று டொக்டர் சிரித்தார். இனி மடுல்கெல்லப் பக்கம் வேனில் போகலாம், மலை ஏறத்தான் கூடாது. எப்போது நளீர் நானாவிடம் சொல்வோம் என்று இருந்தது.

அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கால் இரண்டும் வீங்கி, உதடு நீலம்.

"மொதலாளி, மூணுதான் ஏறின. ஒங்களயும் வெண்டுட்டன்."

மூச்சு முட்ட முட்டச் சிரிக்கிறார். இத்தனை மாதமும் இந்த மனுஷன் என்னுடைய அந்த நாலைப் பார்த்தே ஏங்கியிருக்கிறார். என்னுடையது எவ்வளவு என்று கேட்டார்.

"கூடிப்போச்சு நானா."

என் கையைத் தட்டிக்கொடுத்தார். பயப்பட வேண்டாமாம், எனக்காகத் துஆ கேட்பாராம்.

நர்ஸ் என்னைப் போகலாம் என்றாள். கீழே வேனில் புஷ்பம் காத்திருந்தாள். டொக்டர் இன்னும் அவரிடம் வரவில்லை. புஷ்பத்துக்குப் போன் எடுத்து, நான் வர நேரமாகும், நீ சாப்பிடு என்றேன்.