ரிவர்ஸ் போடாத பேருந்து

அணைக்கட்டு வேலைத்தளம்
மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் எட்டுப் பக்கம் எழுதத் தெம்பு வந்திருக்காது. இங்கே போன் சிக்னல் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை சாமான் லாரிதான் எனக்கும் உலகத்துக்கும் தொடர்பு. மூன்று பம்பில் ஒன்று படுத்துவிட்டது. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

முடியாது.

காகித ஆலை அணி ஹாக்கிக் கோப்பையை ஜெயித்து ஐந்து வருடம் ஆகிறது, ரசிகர் மன்றம் சிறப்பு மலர் போடுகிறது, சந்தோஷம். நீ தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு வீடு வீடாகப் போய் நினைவுக் குறிப்பு கேள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னிடம் கேட்காதே. அந்த வெற்றியை நான் பார்க்கவே இல்லை. பார்க்காதது மட்டுமா, ஒரு பேருந்து நிறைய ஆட்களையும் பார்க்கவிடாமல் செய்தேன். அந்தப் பேருந்தை ஓட்டியது அப்பா. முப்பது வருடம் அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்திய மனுஷன், அது ஜெயித்த நேரத்தில் எங்கோ ரோட்டில் இருந்தார் என்றால் அது என்னால்தான்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவது மூன்றே வாக்கியம். "சாப்பிட்டியா?" "எப்ப கிளம்பற?" "இரு, அம்மாகிட்ட கொடுக்கறேன்." இதில் நான் எந்த இனிய நினைவை எழுத?

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த மருந்தைப் பூசச் சொல். பார்த்துக்கொண்டிருந்தால் குணமாகாது.

உன் தம்பி


வீடு
மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "லெட்டர் போட்டிருக்கானா, தந்தி அடிச்சிருக்கானா?" என்று கேட்டாள். முழங்கால் பரவாயில்லை. மருந்தைப் பூசுகிறாள், பூசிக்கொண்டே உன்னைத் திட்டுகிறாள்.

நீ நினைப்பது போல் இல்லைடா. மைதானத்துக்குள் இருந்தவர்கள் எழுதிக் கொடுத்தது எல்லாம் ஒரே அச்சு. பார்த்தோம், கத்தினோம், அழுதோம். நம் பேருந்தில் இருந்தவர்கள் எழுதியதுதான் படிக்கப் படிக்கச் சிரிப்பு. பல் டாக்டர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். பெட்ரோல் பங்கில் வண்டி நின்றதும் இருபத்திரண்டு பேரும் ஒரு ரேடியோவுக்குள் தலையை விடப் பார்த்தது, ஜெயித்ததும் அவர் பங்க்காரரைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தது, ஒன்றும் புரியாத பங்க்காரர் "யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டது, எல்லாம் இருக்கிறது. நான் தைத்த பச்சைக் கொடியைக் காற்றடிக்கிற குழாயில் கட்டி ஆட்டினோமே, அதைக் கணக்கு வாத்தியார் படமே வரைந்து தந்துவிட்டார். படத்தில் உன் முகம் மட்டும் இஞ்சி தின்றது போல இருக்கிறது.

இன்னொரு சேதி. நம் அணி மறுபடி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது! அதே துறைமுக அணியோடுதான். ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. பேருந்து கிளம்புகிறது. அப்பாதான் ஓட்டுகிறார், ஆனால் உள்ளே வரமாட்டாராம். இந்த ஐந்து வருடமாகவே அப்படித்தான். எங்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

மலருக்கும் அவர் எழுதித் தரவில்லை. கேட்டால், "அவன் மொதல்ல எழுதட்டும். அப்புறம் பாக்கலாம்" என்கிறார். அவன் என்றால் நீதான். ஆகவே எழுது. பம்பு ஓடிப்போய்விடாது.

அக்கா


அணைக்கட்டு வேலைத்தளம்
மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

பம்பு ஓடவில்லை, அதுதான் பிரச்சினை. நேற்று ஓடிவிட்டது. அதனால் எழுதுகிறேன். திருத்தாமல் போடு, இல்லையென்றால் போடாதே.

இடைவேளையில் நாம் 0-3. துறைமுக அணி தொடர்ந்து ஆறு வருடம் ஜெயித்த அணி. நம் ஆட்களோ காலையில் ஆலையில் காகிதக் கூழ் கலக்கிவிட்டுச் சாயந்திரம் மட்டையைத் தூக்குகிறவர்கள். நான் எழுந்து நின்று சொன்னேன்: "மூணு கோல் அடிச்சு இவங்க ஜெயிச்சதா சரித்திரமே இல்ல. முடியற வரைக்கும் உக்காந்தா வெளிய போக ஒரு மணி நேரம் ஆகும். இப்பவே கிளம்பலாம்." யாருக்கும் மனசில்லை. எல்லோரையும் ஆடு மாதிரி ஓட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினேன். அப்பா கடைசியாக ஏறினார்.

பதினான்கு கிலோமீட்டர் வந்திருப்போம். ரேடியோவில் முதல் கோல். 1-3. வண்டிக்குள் ஒரே கூச்சல். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "இன்ஜினியர் சார், திரும்பலாமா?"

பத்து விநாடி யோசித்தேன். ஆட்டத்தில் மிச்சம் பன்னிரண்டு நிமிடம். திரும்பிப் போக இருபது நிமிடம். "வேண்டாம்ப்பா. போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றேன். கணக்கு வாத்தியாரும் தலையாட்டினார்.

அப்பா பெட்ரோல் பங்கைப் பார்த்ததும் வண்டியை உள்ளே விட்டார். பம்பை மறித்துக்கொண்டு நிற்கிறது, கொஞ்சம் பின்னால் எடுங்கள் என்றார் பங்க்காரர். அப்பா அசையவில்லை. இன்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் மேல் கோபம், அதை வண்டியிடம் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு 2-3. கடைசி நிமிடத்தில் 3-3. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சமன் என்றால் ஷூட்-அவுட் உண்டு. கோல்கீப்பருக்கு எதிரே ஒருவராக, அணிக்கு ஐந்து முயற்சி. ஏற்பாடு, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். அந்தக் கால் மணியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அப்போதே திரும்பியிருந்தால் கடைசி இரண்டு முயற்சியையாவது பார்த்திருக்கலாம். "தூணு" என்று ஊரே கூப்பிடுகிற நம் கோல்கீப்பர் குப்புற விழுந்து கடைசிப் பந்தைத் தடுத்ததை அப்பா தன் கண்ணால் பார்த்திருப்பார்.

நீங்கள் எல்லோரும் ஆடினீர்கள். அப்பாவும் ஆடினார், என் பக்கம் திரும்பாமல். நான் டயருக்குக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

என் கணக்குத் தப்பு. இதை அவரிடம் நேரில் சொல்ல ஐந்து வருடமாக வாய் வரவில்லை. நீயே படித்துக் காட்டு.

உன் தம்பி


வீடு
மார்ச் 23

அன்புத் தம்பிக்கு,

உட்கார்ந்து படி.

காலைச் சாப்பாட்டின்போது உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பங்கில் சாவியைப் பைக்குள் போட்ட இடம் வந்ததும் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். போய்ப் பார்த்தால் பேருந்தில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"சமன் ஆனா ஷூட்-அவுட் இருக்குன்னு முப்பது வருஷமா ஹாக்கி பாக்கறவனுக்குத் தெரியாதாடி? அவன் கணக்கு தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் அதுக்கு முன்னாடி நாலு ஃபைனல் உள்ள உக்காந்து பாத்தேன். நாலும் தோல்வி. அஞ்சாவதுல நான் உள்ள இருந்த வரைக்கும் மூணு கோல் வாங்கினாங்க. வெளிய வந்து பதினாலு கிலோமீட்டர் தள்ளிப் போனேன், ஒரு கோல் விழுது! அப்பறம் நான் திரும்புவேனா? ஆனா வண்டியில அத்தனை பேரும் திரும்பு திரும்புன்னு கத்தறாங்க. வேண்டாம்னு சொல்ல ஒரு ஆள் வேணும். இவன் வேண்டாம்னுதான் சொல்லுவான்னு தெரிஞ்சுதான் இவனைக் கேட்டேன்."

"அப்ப அந்த பங்க்ல?" என்றேன்.

"பத்தடி பின்னால போயி, அதுல தோத்துட்டா? ரிவர்ஸே போடக் கூடாதுன்னு சாவியை எடுத்துட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அப்பா சிரிக்கவில்லை. "ஒரு வாரம் கழிச்சு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஊரே அவனை, கெடுத்தியே காரியத்தைன்னு கேலி பண்ண ஆரம்பிச்சிடுச்சு. உண்மையைச் சொன்னா என்னை வண்டியோட கொளுத்திடுவாங்கன்னு பயம். நாள் ஆக ஆக அவன் மூஞ்சியப் பாத்தாலே வெக்கமா இருக்கு. வாயத் திறந்தா 'சாப்பிட்டியா'தான் வருது."

அதுதான்டா. கோபம் இல்லை. ஐந்து வருடமாக அந்த மனுஷன் உன்னிடம் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கே ஒரு பக்கம் எழுதித் தந்துவிட்டார். மலரில் அதுதான் முதல் பக்கம், உன்னுடையது இரண்டாவது. செய்தி அதற்குள் கசிந்துவிட்டது. அடுத்த தடவை அப்பாவுக்குப் பல் பிடுங்கும்போது மரத்துப்போகிற ஊசி போடப்போவதில்லை என்று பல் டாக்டர் அறிவித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வா.

அக்கா


அணைக்கட்டு வேலைத்தளம்
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம். ஐந்து வருடம், அக்கா! இந்த மலைக்கு வேலைக்கு வந்ததே அந்தப் பேருந்தின் கண்ணில் படாமல் இருக்கத்தான். இரண்டாவது தடவை, பதினான்கு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஒரு டிரைவர் பந்தின் திசையை மாற்ற முடியாது என்று அப்பாவுக்கு விளக்க ஒரு தாள் எடுத்தேன். மூன்றாவது தடவை அந்த "பத்தடி பின்னால போயி" இடத்தில் சிரித்துத் தொலைத்துவிட்டேன். பம்பு ஆபரேட்டர் ஓடிவந்து, "சார், ஏதாவது ஷாக் அடிச்சுதா?" என்று கேட்டார்.

லீவு சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் வருகிற லாரியிலேயே நானும் வருகிறேன். அப்படியானால் இதை எழுதியே இருக்க வேண்டாம். ஆனால் சில விஷயங்களை என்னால் வாயால் சொல்ல முடியாது, அதனால் இதை உன் கையில் கொடுத்துவிட்டு நான் அம்மாவைப் பார்க்கச் சமையலறைக்குப் போய்விடுவேன். நீ அப்பாவிடம் படித்துக் காட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு இப்படி. முதல் பாதிக்கு அப்பா மைதானத்துக்குள் வர வேண்டும். அன்றைக்கு வந்தார், ஆகவே இந்தத் தடவையும் வர வேண்டும். என் பக்கத்துச் சீட்டு. 0-3 ஆனாலும் பரவாயில்லை, நாம் 3-0 என்று முன்னால் இருந்தாலும் சரி, இடைவேளையில் வண்டி கிளம்பும். அதே இருபத்திரண்டு பேர், அதே ரோடு, அதே பங்க். உன் கொடியை மறக்காதே. ரேடியோவை நான் சரிபார்த்துத் தருகிறேன்.

எனக்கு அதிர்ஷ்டத்தில் நம்பிக்கை கிடையாது, அப்பாவிடம் அதையும் சொல். ஆனால் ஒரு தடவை ஒழுங்காக ஓடிய எதையும் காரணமில்லாமல் கழற்றி மாட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

வழியில் அவர் என்னைப் பார்த்து, "இன்ஜினியர் சார், திரும்பலாமா?" என்று கேட்க வேண்டும். கட்டாயம் கேட்க வேண்டும். இந்தத் தடவை பத்து விநாடி யோசிக்க மாட்டேன்.

உன் தம்பி

பி.கு.: சாப்பிட்டுவிட்டுத்தான் லாரியில் ஏறுகிறேன். அப்பா வேறு ஏதாவது கேட்கலாம்.