ஆர்டர் கிடைத்த நாள்

14 அக்டோபர் 1998, புதன். சான் ரமோன்.

வளைகுடாவிலிருந்து வந்திருந்த எண்ணெய் கம்பெனிக்காரர்களிடம் இன்று என் திட்டத்தைக் காட்டினேன். பாலைவனத்தில் ஒரு முழு ஊருக்கும் சூரிய மின்சாரம். இரண்டு வருஷ உழைப்பு. புழுதியிலும் சோலார் பேனல் தாங்கும் என்று நம்பவைக்க, கடைசியில் ஒரு படம் சேர்த்திருந்தேன். டெக்சாஸில் ஒரு எண்ணெய்க் கிணற்றைக் கண்காணிக்கும் மீட்டரை ஓட்டும் சின்ன பேனல் அது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஊரைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அந்தப் படத்திலேயே நிறுத்தச் சொன்னார்கள். எங்கள் கிணறுகளுக்கெல்லாம் இது வேண்டும் என்றார் அவர்களில் மூத்தவர். அப்படியானால் ஊருக்கு, என்று கேட்டேன். "ஊருக்குத்தான் எண்ணெய் இருக்கிறதே" என்று சிரித்தார். என் மேனேஜர் அவரைவிடப் பலமாகச் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வீட்டு வாசலிலேயே என் மனைவி மெர்சி பிடித்துக்கொண்டாள்.

"ஆர்டர் கிடைச்சுதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"கிடைச்சுது."

"ஸ்தோத்திரம்! சனிக்கிழமை ப்ரேயர் மீட்டிங்ல நீங்கதான் சாட்சி சொல்றீங்க. மீட்டிங் நடத்தற சாமுவேல் அங்கிளுக்கு இப்பவே ஃபோன் பண்ணிடறேன்."

பண்ணியும் விட்டாள். எதற்கு ஆர்டர் என்று கேட்கவேயில்லை.

சொல்லிவிட வேண்டியதுதான். ஆண்டவர் நான்காம் நாளில் சூரியனைப் படைத்தார். நாங்கள் அதை எண்ணெய்க் கிணற்றுக்கு வாட்ச்மேனாகப் போட்டுவிட்டோம். எல்லாரும் அல்லேலூயா சொல்லுங்கள்.