முற்றியதல்ல, நாள்பட்டது

ஓசூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி குருசாமிக்கு,

எனக்கு நோய் முற்றிவிட்டது என்று ராஜபாளையம் முழுக்கச் சொல்கிறார்களாம். அது தவறு. எனக்கு வந்திருப்பது நாள்பட்ட இரத்தப் புற்றுநோய். டாக்டர் ‘க்ரானிக்’ என்றதைத்தான் என் மகன் பாஸ்கரன் உன்னிடம் போனில் ‘முத்திப்போச்சு’ என்று சொல்லிவிட்டான். கான்வென்டில் படித்த எனக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும்: நெடுநாள் கூடவே இருப்பது. தினமும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. பல வருடம் இப்படியே இருக்கலாம் என்றார் டாக்டர்.

நீயும் வள்ளியும் நலமா? உன் முழங்கால் வலி எப்படி?

நேற்று தபால் உறை வாங்கக் கீழே இறங்கினேன். வாட்ச்மேன் வெங்கடப்பன் கேட்டை மறித்துக்கொண்டார். “அம்மா, உங்கள தனியா உட வேணாம்னு சார் சொல்லியிருக்காரு. ஏதாச்சும் ஆனா என் வேலை போயிரும்.”

“போஸ்ட் ஆபீஸ் வரைக்கும்தான்ப்பா.”

“சாருக்கு ஒரு போன் போட்டுரட்டுமா?”

சிரித்துக்கொண்டே லிஃப்டில் ஏறிவிட்டேன். உறையைப் பிறகு அவரே வாங்கித் தந்தார். மருமகள் நல்லவள், ஒரு தம்ளர் கழுவக்கூட என்னை விடுவதில்லை. ஏழாவது மாடியில் பகல் மிகவும் நீளம்.

நான் இனி வரமாட்டேன் என்று எண்ணி என் வீட்டை வாடகைக்குப் பேசியிருக்கிறாயாம். விடாதே. தையில் வந்து அங்கேயே இருப்பேன். பரிசோதனைக்கு மதுரை போய்க்கொள்வேன். வள்ளியை என் மெத்தையை வெயிலில் போடச் சொல்.

போன் செய்யாதே, பாஸ்கரன்தான் எடுப்பான். வீடு காலியாக இருக்குமா, இருக்காதா என்று உன் கையால் எழுதி, என் பெயருக்கு அனுப்பு.

உன் அக்கா
சகுந்தலா