மெழுகிய தரை

மார்ச் 4
குவாரியில் வெடிக்காற்றின் வேகத்தைக் காட்டும் அழுத்தமானியைக் கவனிக்கும் பணியில் இன்றோடு ஒன்பது ஆண்டுகள் நிறைவு. எட்டாம் வகுப்போடு நின்றவள். எஞ்சியதை நானே கற்றேன். இங்கே வெடி வைக்கும் என் தம்பி வாழ்த்தினான்: "ஊசியப் பார்க்கறதுக்கு ஒன்பது வருஷமா? கண்ணு வலிக்கலையாக்கா?"

மார்ச் 11
லாரிகள் தடுமாறுகின்றனவாம். பாறைக்கும் காவல் அறைக்கும் நடுவே கிடந்த சல்லியை அள்ளிவிட்டுத் தரையைச் சிமெண்டால் மெழுகிவிட்டார்கள்.

மார்ச் 15
ஐயத்திற்கு இடமில்லை. பாறைமேல் அப்பி வைக்கும் அதே அளவு மருந்து, அதே தொலைவு. சல்லித் தரையில் ஊசி நான்கில் நிற்கும், இன்று ஏழு. கல்லுக்குக் கல் இடறி வலுவிழந்து வந்த காற்றலை, இப்போது தடையின்றி ஓடிவருகிறது. தம்பி நின்று வெடியை இயக்கும் காவல் அறையோ பழைய இடத்திலேயே. நாற்பது அடி பின்னே நகர்த்தக் கோரி நான்கு பக்க அறிக்கை அளித்தேன்.

மார்ச் 18
உணவு அறையில் தம்பி என் அறிக்கையை நாடகம்போல் வாசித்தான். "'மேற்குறித்த காரணங்களை முன்னிட்டு...' அடேயப்பா! இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள மலையே கரைஞ்சிடும்!" மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "சுருக்கமா சொல்லும்மா, என்ன வேணும்?"
அறிக்கையை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன் கைபிடித்து எழுத்துப் பழக்கியவள் நான்.

மார்ச் 19
நாளை பெரும்பாறை. மருந்து இருமடங்கு.

மார்ச் 20
என் இருக்கை காவல் அறைக்கு வெகு பின்னே. வெடிப்பை நிறுத்தும் சிவப்புக் கொடி என் பொறுப்பு. அறை வாசலிலிருந்து தம்பி கத்தினான்: "என்னக்கா, மேற்குறித்த பாறைய உடைக்கலாமா?" எல்லோரும் சிரித்தார்கள்.
கொடி என் மடியிலேயே கிடந்தது.
ஊசி கடைசிக் கோட்டில் முட்டி வளைந்தது.

மார்ச் 21
தம்பிக்கு இரு காதுகளும். "செவிப்பறை ஒட்டிடும்மா. உள்ள நரம்புதான் போயிடுச்சு," என்றார் மருத்துவர்.
ஏண்டி தூக்கல? ஒரு கை... ஒரு கை தூக்கறதுக்கு என்ன?

ஏப்ரல் 9
காவல் அறை நாற்பது அடி நகர்ந்துவிட்டது. மேலாளர் என் அறிக்கையின் படியொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "அருமையான எழுத்தும்மா" என்றார்.

ஏப்ரல் 12
தம்பி என் வீட்டில். அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சிலேட்டில் எழுதுகிறேன். இன்று, தன் குரலின் அளவு தெரியாமல் கூவினான்: "அன்னிக்குக் கொடி உங்கிட்டதானேக்கா இருந்துச்சு?"
சிலேட்டு நிறைய எழுதி நீட்டினேன். பாதியிலேயே நிமிர்ந்தான்.
"சுருக்கமா எழுதுக்கா. ஆமாவா, இல்லையா?"
சிலேட்டைத் துடைத்தேன். 'மேற்குறித்த வினாவைப் பொறுத்தவரை' என்று தொடங்கினேன்.