மணிக்கட்டு உயரம்

அத்தான்,

இன்று காலை உங்கள் பட்டறை மேசையின் இழுப்பறையைத் திறந்தேன். மரம் இழைக்கிற இழைப்புளியைத் துடைக்க நீங்கள் வைத்திருந்த பழைய பனியன் துணி சுருண்டு கிடந்தது. எடுத்து உதறியதும் குப்பென்று முறிவெண்ணெய் வாசம். இரும்புக்குப் பூசுகிற எண்ணெய் தீர்ந்துபோன ஒரு நாள், உங்கள் முதுகுக்குத் தேய்க்க அக்கா வாங்கி வைத்திருந்த எண்ணெயையே இழைப்புளிக்கும் தடவினீர்கள். "ரெண்டும் பழைய சாமான்தானே மாப்ள, ஒரே வைத்தியம் போதும்" என்றீர்கள். அன்று நானும் சிரித்தேன். இன்று அந்தத் துணியை மடித்து வைக்கவும் மனம் வரவில்லை, வெளியே போடவும் கை வரவில்லை.

நீங்கள் போனபிறகு இந்த ஷெட்டுக்குள் நான் கால் வைத்தது இன்றுதான். ஸ்ரீவராகத்தில் உங்கள் வீட்டுக்கு வருவேன், அக்காவோடு பேசுவேன், காப்பி குடிப்பேன், சாலை பஜாரில் இரும்புக்கடை திறக்க நேரமாச்சு என்று கிளம்பிவிடுவேன். அக்காவும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தாள். போன வாரம் அவளே பேச்சை எடுத்தாள். உங்கள் மகள் கழக்கூட்டத்தில் வேலை கிடைத்து இங்கேயே வரப்போகிறாள். அவள் காரை நிறுத்த ஷெட் வேண்டும், மேசையை நீ எடுத்துக்கொண்டு போ என்றாள். எனக்கு வேண்டாம், யாராவது ஆசாரிக்குக் கொடுத்துவிடு என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல் என்றாள்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. செத்துப்போனவரிடம் சண்டை பிடிக்கக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நாம் சண்டை பிடிக்காத நாள் எது? அந்தப் பழக்கத்தை இனிமேல் எங்கே போய் மாற்றுவது?

ஆயுள் முழுக்க அடுத்தவர் போட்ட கணக்கில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர் நீங்கள். ஓய்வு பெறப்போகிற சமயத்தில், கைபேசியில் எவனோ வெள்ளைக்காரன் பலகை இழைப்பதைப் பார்த்துப் பித்துப் பிடித்தது. முதல் இழைப்புளியை என் கடையில்தான் எடுத்தீர்கள். மேசை கிடையாது. பின்கட்டில் துணி துவைக்கிற கல்லின்மேல் பலகையை வைத்து, பாதி முதுகு வளைந்து இழைத்துக்கொண்டிருந்தீர்கள். துவைத்த புடவையில் எல்லாம் மரச்சுருள் என்று அக்கா கத்துவாள். அந்தக் காலத்தில்தான் முதுகுவலி தொடங்கியது. கல்லின் உயரத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் அதுதான் காரணம் என்பதில் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அதற்கு மருந்தையும் அந்தக் கைபேசியிலேயே கண்டுபிடித்தீர்கள். பட்டறை மேசையைக் கடையில் வாங்கக் கூடாதாம். சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி அவரவர் உடம்புக்கு அளந்து செய்ய வேண்டுமாம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டில் மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் மேசையின் உயரம். ஷெட் சுவரோரம் விறைப்பாக நின்றீர்கள். நான் டேப்பைப் பிடித்துப் பென்சிலால் கோடு போட்டேன். பிறகு என்னையும் நிறுத்தி என் கோட்டையும் போட்டீர்கள். அது உங்கள் கோட்டுக்கு மூன்று விரல்கடை கீழே இருந்தது. "உனக்கு மேசை எதுக்கு மாப்ள, மணை போதும்" என்று என் தோளில் முழங்கையை ஊன்றிச் சிரித்தீர்கள். எந்தக் கல்யாண வீட்டிலும், எந்த பஸ் நிறுத்தத்திலும் என் தோள்தான் உங்கள் முழங்கைக்குத் தாங்கல்.

கரமனைப் பக்கம் இடித்த ஒரு வீட்டின் ஆஞ்ஞிலி மர உத்தரங்களைக் கொண்டுவந்து இறக்கினோம். பழைய மரத்தில் எங்கே ஆணி புதைந்திருக்கும் என்று தெரியாது. கடையிலிருந்து காந்தத்தை எடுத்துவந்து ஒரு சாண் விடாமல் தடவித் தடவி ஆணிகளைப் பிடுங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின. மழை பிடித்தபோது மரம் ஊதி, மேசைக் காலில் செருகிய சட்டம் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் பாதியில் நின்றுகொண்டது. வெயில் வரட்டும் என்று விட்டுவிட்டோம். எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. கடையில் நாள் முழுக்க ஆணியும் திருகும் எடைபோட்டு விற்கிறேனே தவிர, ஒரு மரத்தில் ஒழுங்காக ஓர் ஆணி அடித்ததில்லை. உங்களோடு சேர்ந்துதான் அதையெல்லாம் தப்பும் தவறுமாகப் பழகினேன்.

வலி மட்டும் கூடிக்கொண்டே போனது. டாக்டரிடம் போவோம் என்று அக்கா சொல்லும்போதெல்லாம் உங்களிடம் ஒரே பதில். "மேசை முடியட்டும். குனியறதுனால வர்ற வலிக்கு டாக்டர் எதுக்கு? நிமிந்து நின்னா தானா போயிரும்."

மேசை முடிந்தது. உங்கள் கோட்டுக்கு இம்மி பிசகாத உயரம். தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். சொன்னால் நம்ப மாட்டார்கள், முதல் சில நாள் வலி குறையத்தான் செய்தது. "பாத்தியா, நான் சொன்னேன்லா" என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டீர்கள். அந்தச் சில நாட்களை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. வலி கொஞ்சமும் குறையாமல் இருந்திருந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம்.

வலி திரும்பி வந்தது. மேசை உயரமாகத் தெரிகிறது, தோள் தூக்கிக்கொள்கிறது என்றீர்கள். மறுபடியும் சுவரோரம் நின்றீர்கள். மறுபடியும் அளந்தேன். மணிக்கட்டு பழைய கோட்டுக்கு ஒரு விரல்கடைக்கும் அதிகமாகக் கீழே இறங்கியிருந்தது.

அத்தான், அன்று நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? முதல் அளவை நான் தப்பாக எடுத்துவிட்டேன் என்றீர்கள். நீங்கள்தான் அன்று செருப்போடு நின்றீர்கள் என்றேன். என் கடை டேப்பே இழுபட்டுப்போன டேப் என்றீர்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்கு ஓடி, பிரிக்காத புது டேப் ஒன்றைக் கொண்டுவந்தேன். அதிலும் அதே அளவுதான் வந்தது. "அப்போ மொத கணக்குதான் தப்பு" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். நானும் ஒப்புக்கொண்டேன். மனுஷன் அப்படியே இருக்கிறார், அளவுதான் மாறியிருக்கிறது என்று இரண்டு பேரும் நம்பினோம். கணக்குப் பிழை பார்த்தே பழகியவரும், டேப் விற்றே பழகியவனும் வேறெப்படி நினைப்போம்?

மேசையைக் கவிழ்த்துப் போட்டு நான்கு கால்களையும் அறுத்தோம். கவிழ்க்க ஒரு பக்கம் நான் தூக்கினேன், மறுபக்கம் நீங்கள் தூக்கினீர்கள். அந்த முதுகெலும்பை வைத்துக்கொண்டு அவ்வளவு பாரம் தூக்கியிருக்கிறீர்கள். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இரண்டாம் முறை அறுத்தபோது நீங்கள் தூக்கவில்லை. சாலை பஜாரிலிருந்து சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்தேன். நீங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். சுவரோரம் நிற்கக்கூட அன்று சிரமப்பட்டீர்கள். கோடு இன்னும் இறங்கியிருந்தது. நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். நீங்கள் டேப்பை வாங்கிப் பார்க்கவே இல்லை. "நீ சொன்னா செரிதான் மாப்ள. அதுக்கே வெட்டு" என்றீர்கள். நான் சொன்ன அளவைச் சரிபார்க்காமல் நீங்கள் ஏற்றுக்கொண்டது அந்த ஒருமுறைதான். அன்றே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தும் சொல்லாமல் இருந்தீர்களா? இல்லை, வலி தாங்காமல் விட்டுவிட்டீர்களா? எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

எனக்கு உறைத்தது அடுத்து வந்த ஒரு கல்யாண வீட்டில். போட்டோவுக்கு நின்றோம். வழக்கம்போல் என் தோளில் முழங்கையை ஊன்றப் பார்த்தீர்கள், எட்டவில்லை. கையை இறக்கிக்கொண்டீர்கள். திரும்பிப் பார்த்தேன். உங்கள் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. இலை போட்டுவிட்டார்கள் என்று கூப்பிட்டார்கள், நான் பந்திக்குப் போகவில்லை. மறுநாளே உங்களைக் கட்டாயப்படுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார் டாக்டர். முதுகெலும்பு உள்ளே அரித்து, ஒன்றின்மேல் ஒன்று நொறுங்கி உட்கார்ந்திருக்கிறது, நோய் பரவிவிட்டது என்றார். "பொக்கம் இத்தனை குறஞ்சிட்டும் வீட்டில ஆரும் ஸ்ரத்திச்சில்லே?" என்று மலையாளத்தில் கேட்டார். உயரம் இவ்வளவு குறைந்ததை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லையா என்று. நீங்கள் நிதானமாகத் தமிழிலேயே பதில் சொன்னீர்கள்.

"அளந்தோம் டாக்டர். நல்லாவே அளந்தோம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அக்கா அப்போது வெளியே மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். டாக்டர் கேட்டதையும் நாம் அளந்ததையும் அவளிடம் நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதன்பிறகு ஓணம் வருமுன் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இன்று நான் அந்தத் துணியோடு நிற்கும்போது அக்கா ஷெட்டுக்குள் வந்தாள். மேசையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டாள். வீட்டில் இடமில்லை என்று ஏதோ உளறினேன். அவள் என்னைச் சுவரோரம் கூட்டிப்போய்ப் பென்சில் கோடுகளைக் காட்டினாள்.

"மேல இருக்கது அவரு கோடு, கீழ இருக்கது உன் கோடு, அல்லே? நடுவுல பாரு தம்பி, ஒண்ணொண்ணா எறக்கிட்டே வந்திருக்காரு. போகப் போறோம்னு அவருக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு. நமக்கப்புறம் இத வச்சு இவன்தான் வேலை செய்வான்னு உன் உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திட்டுல்லா போயிருக்காரு. அத நீ வேண்டாம்ங்கியே."

இத்தனை நாளும் அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து அவள் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. உங்கள்மேல் அவளுக்கு இருந்த மனத்தாங்கல் எல்லாம் அதில் கரைந்துவிட்டது தெரிந்தது. அப்படி இல்லை அக்கா என்று வாய்வரை வந்தது. அந்தக் கோடுகள் அவர் நோயின் கோடுகள், எங்கள் கண்ணெதிரே அவர் குறைந்துகொண்டே போனார், நாங்கள் அதற்கேற்றபடி மேசைக் காலை வெட்டிக்கொண்டிருந்தோம் என்று சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கும். அது அப்படியே அவள் தலையில் ஏறும். அதன்பிறகு இந்த வீட்டில், இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் எப்படி இருப்பாள்?

இரண்டாம் முறை வெட்டியது பற்றி அவள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனம் கெஞ்சியது. உங்களைத் தவிர யாராலும் அதைச் சொல்ல முடியாது.

"நின்னு பாரு" என்றாள் அக்கா.

மேசையோரம் நேராக நின்றேன். கையைத் தொங்கவிட்டேன். விளிம்பு மணிக்கட்டின் மடிப்பில் வந்து தொட்டது. தாளை மடித்துச் செருகக்கூட இடைவெளி இல்லை.

"செரியா இருக்கா தம்பி?"

"செரியா இருக்கு அக்கா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கோடுகளை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறாளாம்.

ஒன்று மட்டும் பழக்கமாகிவிட்டது அத்தான். கடைக்கு வருகிறவர் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை, குனிந்து நிமிர்ந்ததில் பிடிப்பு என்றால், சாமானைக் கட்டாமல் டாக்டரைப் பார்த்தீர்களா என்று நச்சரிக்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

மேசையை எங்கள் மாடி அறையில் போடப்போகிறேன். அக்கா கேட்பாள், அதனால் அதில் வேலையும் செய்வேன். எவ்வளவு நேரம் நின்று இழைத்தாலும் என் முதுகு வலிக்கப்போவதில்லை, அத்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் மாப்ள