வில்ஃபிடம் எப்படிக் கேட்பது

விட்பி
செவ்வாய் இரவு

அன்புள்ள மொரீன் ஆன்ட்டிக்கு,

தயவுசெய்து இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். கென் அங்கிளிடம்கூட வேண்டாம். படித்ததும் கணப்பில் போட்டுவிடுங்கள். நான் எழுதினேன் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் அடிக்கமாட்டாள். பேசாமல் இருப்பாள். அது எப்படி இருக்கும் என்று அவளோடு இத்தனை வருஷம் வேலை பார்த்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? ஸ்கார்பரோவிலும் இதே மழைதானா? நீங்கள் ஏன் இந்தக் காப்பகத்தை விட்டுப் போனீர்கள் என்று இங்கிருக்கும் பாம் தினமும் கேட்கிறார். பதில் சொல்லாவிட்டால் தானே சொல்லிக்கொள்கிறார்: "மொரீன் மீன்காரனோட ஓடிப்போயிட்டா. நல்ல மீன்காரன். எனக்கும் ஒருத்தன் பாத்து வைக்கச் சொன்னேன்." இந்தக் கடிதத்தைத் தபாலில் போட அவரிடம் கொடுக்கமாட்டேன், பயப்படாதீர்கள். கொடுத்தால் பேக்கரி வாசலிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் போகும்போது நானே போடுவேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வில்ஃபை லீட்ஸ் பக்கம் ஓர் இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள். நம்முடையதைப் போல ஆறு பேர் இருக்கும் வீடு இல்லை, நாற்பது பேர் இருக்கும் பெரிய கட்டிடமாம். அவரை விட்டுப் பிரியாத ரெஜியை அனுப்பவில்லை. வில்ஃபை மட்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கவுன்சிலிலிருந்து மிஸஸ் கிளேடன் வருகிறார். கற்றல் குறைபாடு உள்ளவர்களை அவர்கள் விருப்பம் கேட்காமல் இடம் மாற்றக்கூடாது என்று இப்போது விதி இருக்கிறதாம். அதனால் வில்ஃபிடமே கேட்பாராம். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

வில்ஃப் எப்படிப் பதில் சொல்வார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். டீயா காபியா என்றால் காபி என்பார். காபியா டீயா என்றால் டீ என்பார். எதைக் கடைசியாகச் சொல்கிறோமோ அதுதான் பதில். இங்கே வருமுன் முப்பது வருஷம் இருந்த அந்த மனநல ஆஸ்பத்திரியில், சட்டென்று வாய் திறக்காதவனுக்கு எதுவும் கிடைக்காது என்பதால் காதில் கடைசியாக விழுந்ததைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். காபி அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் வாங்கிப் பக்கத்தில் வைத்து ஆறவிடுவார். ஒருநாள் நீங்கள் டீ டப்பாவையும் காபி பாட்டிலையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கடற்காகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் வாய் திறக்கப் போனபோது, "சும்மா இரு ஹேசல், அவருக்குள்ள தபால் மெதுவாத்தான் வரும்" என்றீர்கள். எவ்வளவோ நேரம் கழித்து அவர் கை டீ டப்பாவைத் தொட்டது. அதன்பிறகு இந்த வீட்டில் ஆறிப்போன காபி இருந்ததே இல்லை.

இப்போது தினமும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "வில்ஃப் கண்ணு, நீ இங்கயே இருக்கியா, இல்ல லீட்ஸ் போறியா?" அவர் சிரித்துக்கொண்டே, "லீட்ஸ் போறேன்" என்றார். "போறவன் போகட்டும், அவன் புடிங் எனக்கு" என்றார் பாம். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அம்மா மட்டும், "பாத்தியா, அவரே சொல்லிட்டாரு" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுக் கழுவிவைத்த கோப்பைகளை மறுபடியும் கழுவப் போய்விட்டாள்.

வில்ஃப் கடைசி வார்த்தையைத்தான் சொல்வார் என்பது அம்மாவுக்கு மறந்துபோயிருக்கும் என்று நம்பிப் பார்த்தேன். முடியவில்லை, ஆன்ட்டி.

நேற்று அவளிடம் சொல்லியும் பார்த்தேன். "உனக்கென்னடி தெரியும்? ராத்திரி பூரா நான் ஒருத்தி. போன வாரம் வலிப்பு வந்தப்ப ஒரு கையால அவரைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். ஒருநாள் என் கையிலயே போயிட்டாருன்னா?" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நீங்கள் போனபிறகு மிஸ்டர் பார்ஜிட்டர் இரவுக்கு ஆள் வைக்கவே இல்லை. அம்மா கேட்டதற்கு, "ராத்திரி தூங்குறவங்களை மட்டும் வீட்டுல வெச்சுக்கோ ஜானிஸ், அந்த வில்ஃபை அனுப்பிடு" என்றாராம். வீடு அவருடையது. மாடியில் நாங்கள் இருக்கும் இரண்டு அறைகளும் அவருடையவை.

இரவுக்கு இன்னோர் ஆள் கேட்டுத்தானே நீங்கள் சண்டை போட்டுவிட்டுப் போனீர்கள். அன்று அம்மா உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவளுக்கு உறுத்துகிறது. உங்கள் நீல ஏப்ரன் இன்னும் சமையலறைக் கொக்கியில்தான் தொங்குகிறது. பகல் வேலைக்குப் புதிதாக வந்த பெண் அதை எடுத்துக் கட்டப் போனபோது, "அது வேற ஒருத்தரோடது" என்று அம்மா வாங்கி மறுபடியும் மாட்டிவிட்டாள்.

ரெஜியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காது கேட்காத, பேச வராத ரெஜியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. காலையில் ரெஜியின் டோஸ்ட்டை வில்ஃப்தான் இன்னும் நாலாக வெட்டுகிறார், ஓரங்களை எடுத்துத் தான் தின்றுவிட்டு நடுப்பாகத்தைத் தள்ளிவைக்கிறார். வலிப்புக்குப் பிறகு வில்ஃப் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மா வெட்டிக் கொடுத்தாள், நானும் அதே மாதிரி வெட்டிக் கொடுத்தேன். ரெஜி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பிடவில்லை. வில்ஃப் திரும்பி வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கத்தியை எடுத்தார்.

வீட்டில் இன்னொன்றும் மாறிவிட்டது. யாரும் கதவைத் தட்டுவதில்லை. அது அவர்கள் அறை, தட்டிவிட்டு, வா என்று சொல்லும்வரை நிற்க வேண்டும் என்பீர்கள். ரெஜிக்குக் கேட்காது என்பதால் கதவை விரலளவு திறந்து கையை மட்டும் ஆட்டிவிட்டு நிற்பீர்கள். அம்மாவும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். இப்போது நேராகத் திறந்துகொண்டு போகிறாள், போர்வையை இழுக்கிறாள், அடுத்த அறைக்கு ஓடுகிறாள். என் அறைக்கும் அப்படித்தான் வருகிறாள். வில்ஃப் மட்டும் இன்னும் தட்டுகிறார். சமையல் அலமாரியைக்கூடத் தட்டிவிட்டுத்தான் பிஸ்கட் எடுக்கிறார். "உள்ள யாருமில்லடா, பிஸ்கட்டா வான்னு சொல்லும்?" என்று பாம் கிண்டல் செய்கிறார்.

இன்று அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தபோது நானே கேட்டுப் பார்த்தேன். லீட்ஸுக்காக வாங்கிவைத்திருக்கும் புதுப் பெட்டியை ஒரு பக்கம் வைத்தேன். ரெஜியின் டோஸ்ட் தட்டை மறுபக்கம் வைத்தேன். நீங்கள் செய்தது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கெட்டில் கொதித்து அடங்கியது. திரும்பிப் பார்த்தபோது தட்டு அவர் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கேட்டும் கொடுக்கவில்லை. இப்போது அது அவர் தலையணைக்குக் கீழே இருக்கிறது. நாளைக் காலையில் தட்டைக் காணோம் என்று அம்மா தேடுவாள்.

ஆனால் நான் சொன்னால் மிஸஸ் கிளேடன் கேட்பாரா? அந்த நேரத்தில் எனக்குப் பள்ளிக்கூடமும் இருக்கிறது. நீங்கள் சொன்னால் கேட்பார். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள், ஆன்ட்டி. இந்த வழியாகப் போனதால் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள். மிஸஸ் கிளேடன் கேள்வி கேட்கத் தொடங்கும்போது, ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பெட்டியையும் தட்டையும் வையுங்கள். பிறகு யாரையும் பேசவிடாதீர்கள்.

இரவில் அம்மா தனியாக இருப்பதைச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டேன். தெரிந்தால் வீட்டையே மூடிவிடுவார்களோ, ஆறு பேரையும் ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ, நாங்கள் எங்கே போவோம் என்றெல்லாம் பயமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் வில்ஃப் இங்கேயே இருந்தாலும் ஒருநாள் இரவு அம்மா பயப்படுவது நடந்துவிடும். அதனால் சொல்லிவிடுங்கள். அம்மா கெட்டவள் இல்லை, களைத்துப்போயிருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சொல்ல உங்களுக்குத்தான் தெரியும். முடிந்தால் முதலில் அம்மாவிடமே பேசுங்கள். அவள் உங்கள் மேல் கோபமாக இல்லை. உங்களைப் பார்க்க வெட்கப்படுகிறாள்.

கடவுள் உங்கள் முழங்காலைக் குணமாக்கட்டும், அந்த பஸ் நேரத்துக்கு வரட்டும் என்று

கதவு தட்டுகிறது. வில்ஃப் என்று நினைத்தேன், ஆனால் அவர் மாடிப்படி ஏறமாட்டார். அம்மா. தட்டிவிட்டு வெளியிலேயே நிற்கிறாள். "ஹேசல், உள்ள வரலாமா?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு இன்னும் திறக்காமல் நிற்கிறாள்.